நாலு மாடிச் சம்பந்தியும் ஐந்து மாடிச் சம்பந்தியும்

எண்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி மழையில் உத்திரமேரூர் கடைத்தெருவின் பழைய சந்தைக் கொட்டகை உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே ஆள் யாரும் இல்லை. ஒரு மாட்டுவண்டியும் ஒரு குவியல் பூசணிக்காயும்தான் போயின. பின்பக்கச் சுவர் மட்டும் விழாமல் தனியாக நின்றது. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஊருக்கு நட்டநடுவில், இப்படி ஒரு காலி மனை கிடைத்ததும் ஊரில் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விட்டது.

மாசியில் தேர்தல் நடந்து டவுன் பஞ்சாயத்துக்குப் புது மெம்பர்கள் வந்தார்கள். வந்த கையோடு ஒரு தீர்மானம் போட்டார்கள். மனை பஞ்சாயத்தினுடையது, சொந்தப் பொறுப்பில் அங்கே மாடிக் கட்டடம் எழுப்பி, முப்பது வருஷம் அனுபவித்துவிட்டு ஒப்படைக்க விரும்புகிறவர்கள் திட்டம் எழுதிக் கொடுக்கலாம்.

எழுதிக் கொடுக்க முன்வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நெல் மண்டி ஏகாம்பரம். இன்னொருவர் காவாந்தண்டலத்து வேதாசலம். நிலபுலன் அங்கே, உரக்கடை உத்திரமேரூரில். முன்னவர் கனகாவின் மாமனார். பின்னவர் அவளைப் பெற்றவர்.

சம்பந்திகளுக்குள் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. போட்டிதான். கனகாவின் கல்யாணத்தில் ஏகாம்பரம் இரண்டு செட் நாதஸ்வரம் வைத்தார் என்று வேதாசலம் பேண்டு வாத்தியம் கூட்டிவந்தார். அவர் ஸ்கூட்டர் வாங்கிய மாதமே இவர் டி.வி. பெட்டி வாங்கினார். அதில் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தார். பேத்தி அம்முலு பிறந்த பிறகு போட்டி இன்னும் முற்றிவிட்டது. ஒருவர் கொலுசு போட்டால் மறுவாரம் இன்னொருவர் சங்கிலி போட்டார். இரண்டு வயசுக் குழந்தை நடந்தால் நகைக்கடை நடக்கிற மாதிரி சத்தம் வந்தது.

ஒருநாள் காலை, மண்டிக்குப் போகுமுன் ஏகாம்பரம் மருமகளைக் கூப்பிட்டார்.

"கனகா, ஒரு பேப்பர் எடுத்துக்கினு வாம்மா. நாலு மாடி. கீய கடைங்க, நடுவுல லாட்ஜு, உச்சியில கல்யாண மண்டபம். ஷோக்கா எய்திக் குடு. நீ எய்தினா கலெக்டர் கூட எய்ந்து நின்னு படிப்பாரு."

கனகா காஞ்சிபுரத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். தமிழ்க் கட்டுரைக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு வாங்கியவள். இரண்டு வீட்டிலும் கரண்டு ஆபீசுக்கு மனு என்றாலும் கல்யாணப் பத்திரிகை என்றாலும் அவள் கைதான். உட்கார்ந்து எழுதினாள். செங்கல்பட்டிலிருந்து நெல் வாங்க வருகிற வியாபாரிகள் ராத்தங்க இடமில்லாமல் படுகிற பாட்டை அவள் எழுதிப் படித்தபோது ஏகாம்பரத்துக்கே கண் கலங்கியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் உரக்கடைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். வேதாசலம் கடைப்பையனை டீ வாங்க அனுப்பிவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அஞ்சு மாடி, கனகா. கீய பேங்கு, மேல டாக்டருங்க, அதுக்கு மேல டைப் அடிக்கிற ஸ்கூலு. லிஃப்ட்டு வெக்கப் போறேன். உங்க மாமனார் கிட்ட மூச்சு வுடாத."

"நைனா, இங்க பாதி நேரம் கரண்டே இல்ல. லிஃப்ட்டு நடுவுல நின்னுட்டா?"

"நின்னா நிக்கும். உள்ள ரெண்டு ஸ்டூலு போட்டு வெச்சிட்டா போச்சு."

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாமனாருக்கு எழுதியாகிவிட்டது என்று சொல்லவும் வரவில்லை. பெற்றவர் கேட்கிறார், அதுவும் சின்னப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார். அவருக்கும் எழுதினாள். லாட்ஜ் வந்தால் கடைத்தெருவில் கண்டவர்கள் நடமாட்டம் வரும், பேங்கும் டாக்டரும் வந்தால்தான் ஊர் உருப்படும் என்று எழுதினாள். நேற்றுத் தான் எழுதியதை இன்று தானே வெட்டுகிறோம் என்று தெரிந்தும், எழுதும்போது அதுவும் நியாயமாகவே பட்டது. கட்டடத்துக்கு மாமனார் வைக்கச் சொன்ன பெயர் அம்முலு மாளிகை. அப்பா சொன்னது அம்முலு டவர்ஸ். எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தாள்.

விஷயத்தை ஒருவரிடம் மட்டும் சொன்னாள். அவள் புருஷன் கன்னியப்பன் சோற்றைப் பிசைந்த கையோடு அவளைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல" என்றான். அப்புறம், "யாருக்கு நல்லா எய்தின?" என்று மெல்லக் கேட்டான்.

"ரெண்டு பேருக்கும்தான்."

"பேஜார்தான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

திட்டம் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது, அம்முலுவுக்கு ஊசி போட காஞ்சிபுரம் போகவேண்டி வந்தது. கனகா குழந்தையோடு பஸ்சுக்கு நின்றாள். பத்து மணி பஸ் வரவில்லை. பதினொன்றும் வரவில்லை. சித்திரை வெயில். அவளுக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு வலித்தது. வீட்டுக்குத் திரும்பி நடந்தால் பஸ் போய்விடும். டீக்கடைக்காரனிடம் கேட்கிற விஷயமும் இல்லை. குழந்தையை இடுப்பு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்து நின்றாள்.

"இன்னா கனகாம்மா, மொகம் இப்டி கீது?"

பாக்கியமேரி. காவாந்தண்டலம் காலனியிலிருந்து தினமும் பஸ்சில் வந்து ஏகாம்பரம் மண்டியில் நெல் தூற்றுகிறவள். கனகாவைப் பாவாடை கட்டிய நாளிலிருந்து தெரிந்தவள். சொல்லாமலே புரிந்துகொண்டாள்.

"வா என் பின்னால. நாங்கள்லாம் எங்க போறோம்னு நெனச்ச?"

விழாமல் நின்ற அந்தச் சுவருக்குப் பின்னால், உடைந்த ஓட்டுக் குவியலுக்கும் முள்ளுச் செடிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. பாக்கியமேரி குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் முந்தானையை விரித்துப் பிடித்து, தெருப்பக்கம் பார்த்து நின்றாள்.

"பாம்பு கீதான்னு மட்டும் பாத்துக்க."

பிறகு அவள் முறை வந்தது. கனகா தன் பட்டுச்சேலை முந்தானையை விரித்துப் பிடித்தாள். மண்டி முதலாளி வீட்டு மருமகள் தனக்கு மறைப்புப் பிடித்து நிற்பதைப் பார்த்துப் பாக்கியமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க மாமனார் பாக்கணும் இத" என்றாள். கனகாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பாக்கியமேரி சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"இதையும் இடிச்சிட்டு மாடி கட்டப் போறாங்களாமே. நல்லாக் கட்டட்டும். மாசமா கீறவங்க, தூரமானவங்க, எல்லாம் இங்கதான் ஒதுங்குதுங்க. காலையில வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சா, சாயந்தரம் வூட்டுக்குப் போய்த்தான் அடுத்த வாய். அது பயகிடுச்சி."

காஞ்சிபுரம் போகும்வரை கனகா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனாள். நாலு மாடி எழுதினோம், ஐந்து மாடி எழுதினோம். ஒன்பது மாடிக்கும் சேர்த்து இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

ராத்திரி வரை காத்திராமல் திரும்பி வந்ததும் இரண்டு காகிதத்தையும் எடுத்தாள். இரண்டிலும் எட்டு ஷரத்துகள் இருந்தன. ஒன்பதாவதாக ஒன்று சேர்த்தாள்: தரைத்தளத்தில், பஸ் நிற்கும் பக்கம் பார்த்து, பெண்கள் உட்கார ஓர் அறை; அதையொட்டி உள்தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை நான்கு, தண்ணீர்க் குழாயோடு; எந்த ஜாதி, எந்த ஊர்ப் பெண்ணுக்கும் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும்; இதை முடித்த பிறகே முதல் மாடிக்குக் கை வைக்கலாம். வேறு மாதிரி மாற்றி எழுத அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டிலும் அப்படியே எழுதினாள்.

மாமனாருக்குப் படித்துக் காட்டினாள். எட்டாவதிலேயே அவருக்குக் கண் சொருகிவிட்டது. "ஷோக்கா கீது" என்றார். அப்பா, "லிஃப்ட்டு வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். இருவரும் தனித்தனியே காஞ்சிபுரத்தில் டைப் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

வைகாசியில் கூட்டம். பஞ்சாயத்து ஆபீசில் மெம்பர்கள் உள்ளே, ஊர் ஜனம் ஜன்னலில். கனகா தாழ்வாரத்தில் பெண்களோடு நின்றாள். பக்கத்தில் பாக்கியமேரி. நிர்வாக அதிகாரி திட்டங்களை வைத்துக்கொண்டு, கருத்துச் சொல்லலாம் என்றதுதான் தாமதம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"கோபுரத்துக்கு மேல ஒசரமா கட்னா ஊருக்கு ஆவாது" என்றார் ஒருவர்.

"கோபுரத்த யார் தொட்டது? அது அங்க கீது, இது இங்க கீது" என்றார் ஏகாம்பரம்.

"அஞ்சாவது மாடியில நின்னா ஏரி முய்சும் தெரியும்" என்றார் வேதாசலம்.

"ஏரி இங்கியேதான் கீது, நடந்து போய்ப் பாரேன். அதுக்கு லிஃப்ட்டு எதுக்கு?"

"டாக்டரு மூணாவது மாடியில உக்காந்தா கால் ஒடஞ்சவன் எப்டி ஏறுவான்?"

"நாலாவது மாடி மண்டபத்துக்கு சாம்பார் அண்டாவ யார் தூக்கறது? சம்பந்தி வந்து தூக்குவாரா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஏசுதாஸ் என்ற மெம்பர் மட்டும் சிரிக்காமல் இரண்டு திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலோட்டிப் படித்துக்கொண்டிருந்தார். தொடக்கப்பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பி அடித்தால் விடமாட்டார்.

"ஐயா, ரெண்டுலயும் ஒம்பதாவது ஷரத்து ஒண்ணாவே கீது. ஒரு எய்த்துகூட மாறல. யாரு யாரைப் பாத்து எய்தினது?"

ஒன்பதாவது ஷரத்து என்ன என்பதே இரண்டு சம்பந்திகளுக்கும் தெரியாது. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"என் பேப்பரைத் திருடிட்டாரு!" என்றார் ஏகாம்பரம்.

"நானா? உங்க மண்டி ஆளுதான் என் கடையில வந்து வந்து போறான்!" என்றார் வேதாசலம்.

அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் திருடன் என்றதில்லை. கனகா அம்முலுவைப் பாக்கியமேரியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்த அறைக்குள் அதுவரை எந்தப் பெண்ணும் கால் வைத்ததில்லை.

"யாரும் திருடல. நான்தான் எழுதினேன். மாமாவுக்கும் எழுதினேன், நைனாவுக்கும் எழுதினேன். ரெண்டு பேரும் கேட்டாங்க, என்னால இல்லன்னு சொல்ல முடியல. ஒம்பதாவது மட்டும் யாரும் கேக்கல. அது நானா எழுதினது."

ஏசுதாஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த ஷரத்தை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் ஜன்னலிலிருந்து பாக்கியமேரியின் குரல் வந்தது.

"ஐயாங்களே, நீங்க நாலு மாடியோ நாப்பது மாடியோ கட்டிக்கோங்க. அந்த மொட்டச் சுவரு பின்னால எத்தினி பொம்பளைங்க ஒதுங்குறாங்கன்னு ஒருநாள் நின்னு பாருங்க. வோணாம், பாக்காதீங்க. உங்க வூட்ல போய்க் கேளுங்க, போதும்."

மெம்பர்கள் குனிந்துகொண்டார்கள். எல்லார் வீட்டிலும் பஸ் ஏறுகிற பெண்கள் இருந்தார்கள். மாடி விவகாரத்தைச் செங்கல்பட்டு நகரமைப்பு ஆபீசுக்கு எழுதிக் கேட்பது, ஒன்பதாவது ஷரத்தைப் பஞ்சாயத்தே உடனே கட்டுவது என்று தீர்மானமாயிற்று. எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை.

வீட்டில் மூன்று நாள் மாமனார் அவளோடு பேசவில்லை. உரக்கடைக்குப் போனால் அப்பா மூட்டை எண்ணுகிற மாதிரி முதுகைக் காட்டினார். இரண்டு பேருக்கும் துரோகம் செய்துவிட்டோமோ என்று கனகா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நாலாம் நாள் காலை, நாஷ்டா தட்டை வைத்துவிட்டுத் திரும்பியபோது ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தார்.

"கனகா, நெஜத்தச் சொல்லு. எனக்கு எய்தினது நல்லா இருந்துச்சா, அந்தாளுக்கு எய்தினதா?"

"உங்களுதுல லாட்ஜ் பகுதி நல்லா வந்துச்சு மாமா. அவருதுல டாக்டரு பகுதி."

அவர் இட்லியை விண்டபடி யோசித்தார். "கேட்ட ஒடனே எங்கிட்ட சொல்லி இருக்கலாம். சொல்லியிருந்தா எய்த வுட்டிருக்க மாட்டேன், அதும் நெஜம்தான்" என்றார். பிறகு, "உன் அத்தைகிட்ட ராத்திரி கேட்டேன். முப்பது வருஷமா அவளும் அந்தச் சுவருக்குப் பின்னாலதான் போயிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல" என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னார். அன்று மத்தியானமே பெண்கள் அறைக்கு இரண்டு லோடு செங்கல் அவர் அனுப்பினார். சேதி கேட்டு வேதாசலம் சாயங்காலத்துக்குள் மூன்று லோடு மணலும் சிமெண்டும் அனுப்பினார்.

செங்கல்பட்டிலிருந்து பதில் வர நாலு மாதம் ஆயிற்று. தெருவின் அகலத்துக்குத் தரைக்கு மேல் ஒரு மாடிதான் அனுமதி என்றிருந்தது. சம்பந்திகள் இரண்டு நாள் முறைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள், கீழே அவர் கடைகள், மேலே இவர் டாக்டர்கள் என்று முடிவாயிற்று. என்ன பெயர் வைப்பது என்பதில் மட்டும் தகராறே வரவில்லை.

பெண்கள் அறை அதற்கு முன்பே எழும்பிவிட்டது. தை மாதத்தில் ஒருநாள் கனகா காஞ்சிபுரம் போக வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வேலை முடிந்த பாக்கியமேரி சிமெண்டு பெஞ்சில் சாய்ந்து, காலை நீட்டி, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தலையில் உமி ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சொம்பு, பாதி குடித்த தண்ணீரோடு. கனகா அவள் கால்மாட்டில் மெல்ல உட்கார்ந்தாள். அம்முலு கொலுசைக் குலுக்க, காலைப் பிடித்து நிறுத்தினாள். காஞ்சிபுரம் பஸ் வந்து ஹாரன் அடித்தது. எழுந்தால் கொலுசுச் சத்தத்தில் அவள் விழித்துவிடுவாள். அடுத்த பஸ்சில் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.