ஒண்ணு போனா இன்னொண்ணு

என் வீட்டுக்காரருக்கு எதையும் சும்மா விட மனசு வராது. நல்லா ஓடுற ஃபேனையே கழட்டிப் பார்க்கிற ஆளு.

நான் வீட்டுல உட்கார்ந்து அனிமேஷன் படம் பண்றவ. ரெண்டு வருஷமா ஒரே படம். வழி தவறின ஒரு திமிங்கலக்குட்டியை வரைஞ்சு வரைஞ்சே கழுத்து போச்சு. கம்ப்யூட்டருக்குள்ள வேலையைச் சேமிச்சு வைக்க ரெண்டு எஸ்எஸ்டி டிரைவ். ஒண்ணுல படம், இன்னொண்ணுல அதோட காப்பி. "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு, கவலைப்படாதே"ன்னு இவருதான் ஏற்பாடு பண்ணினாரு.

வேலை ஓட ஓட ரெண்டும் சூடாகுதுன்னு ஒரு நாள் வாய்விட்டுப் புலம்பித் தொலைச்சேன். உடனே மனுஷன் சூட்டை இழுக்கிற அலுமினியத் தகடு ரெண்டு வாங்கிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை பூரா தரையில உட்கார்ந்து மாட்டினாரு. "இனிமே உன் குட்டிக்கு ஏசி ரூம்"னு ஒரே சிரிப்பு. எனக்கும் பெருமை தாங்கல.

நேத்து திரை கறுத்துப்போச்சு. தூக்கிட்டு ரிப்பேர் கடைக்கு ஓடினோம்.

மெக்கானிக் முதல் தகட்டைக் கழட்டித் திருப்பினாரு. அடியில மெத்துனு ஒட்டியிருந்த பட்டைமேல நீலமா ஒரு பிளாஸ்டிக் தாள்.

"சார், இதை உரிச்சிட்டுத்தானே மாட்டணும்? சூடு தகட்டுக்குப் போகவே இல்ல. சும்மா விட்டிருந்தாலாவது காத்து பட்டிருக்கும். கம்பளி போர்த்தின மாதிரி ஆயிடுச்சு. இந்த டிரைவ் செத்துப்போச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே இவரைக் கடிச்சுக் குதறியிருப்பேன். ஆனா காப்பி இருக்கே!

"இன்னொண்ணைப் பாருங்க"ன்னேன்.

இவரு என்னைப் பார்க்கல, சுவத்தைப் பார்த்தாரு. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ரெண்டையும் மாட்டினது ஒரே கைதானே.

அதுலயும் அதே நீலத்தாள். மெக்கானிக் ரெண்டு டிரைவையும் வேற மெஷின்ல போட்டுப் பார்த்தாரு. எதுவும் வரல.

"எங்கயாவது அனுப்பிப் படத்தை மட்டும் எடுக்க முடியாதா?"

"அனுப்பலாம் மேடம். ஆனா சிப்பே வெந்திருக்கு. பொய்யா நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரல."

அந்தக் குட்டி கடைசியில அம்மாகிட்ட போய்ச் சேர்ற இடத்தைப் போன வாரம்தான் முடிச்சிருந்தேன். இவருக்குக்கூட இன்னும் காட்டல.

இவரு ஸ்டூல்ல உட்கார்ந்து, தகட்டைக் கையில வெச்சுக்கிட்டு, நகத்தால அந்தத் தாளை உரிச்சாரு. கிழியாம, மெதுவா, அவ்வளவு கவனமா. ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததை எடுத்தாரு.

திட்ட வாயைத் திறந்தேன்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்"னேன். போய் என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல.