ஏழாவது கட்டத்தில் எழுதிய வரி

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் ஏதோ திருப்பம் வைக்கிறேன் என்று நினைப்பீர்கள். திருப்பம் எதுவும் கிடையாது. தப்புச் செய்தவன் நான்தான்.

கீழக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார் வேலை எனக்கு. அவ்வப்போது கதை எழுதுவேன்; இரண்டு மூன்று அச்சிலும் வந்திருக்கின்றன. போன வருடம் ஜூலையில், பள்ளிகளில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர்கள், அலுவலக உதவியாளர்கள், காவலாளிகள், சத்துணவு உதவியாளர்கள் என நாற்பது பேருக்கு ராமநாதபுரத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். பிற்பகல் வகுப்புக்கு நான் கருத்தாளர். கருத்தாளர் என்றால் வகுப்பு எடுக்கிறவர். கருத்து உள்ளவர் என்று அர்த்தமில்லை.

(மேலே உள்ள வரி சிரிப்புக்காக வந்து விழுந்துவிட்டது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அன்றைக்கு வினையானதும் இதே பழக்கம்தான். இருக்கட்டும்.)

கதையின் முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

"ராமநாதபுரத்தில் அன்று அடித்த வெயில், உப்பளத்தின் வெள்ளையைப் போல..."

வேண்டாம். வெயில் யாரையும் அவமானப்படுத்தவில்லை.

அடுத்தது: "கணவனை இழந்த ராமலெட்சுமி, தன் ஒரே மகளுக்காக..."

இது பொய். அவருடைய கணவர் தங்கப்பாண்டி நன்றாக இருக்கிறார். நான் பார்க்கப் போனபோது எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தவர். ராமலெட்சுமியை விதவையாக்கினால் உங்களுக்கு இரக்கம் சீக்கிரம் வரும் என்று கணக்குப் போட்டு, உயிரோடு இருக்கிற மனிதரை ஒரு வரியில் கொன்றுவிட்டேன். ஒரு வரி என்ன செய்யும் என்று தெரிந்த பிறகும் கை இப்படித்தான் போகிறது.

2

ராமலெட்சுமிக்கு ஐம்பத்தோரு வயது. திருப்புல்லாணியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பதினோரு வருடமாகக் கழிப்பறை கழுவி, வகுப்பறை கூட்டும் வேலை. (பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பெயரும் நான் மாற்றி வைத்ததுதான்.)

பயிற்சிக்கு வரச் சொல்லித் தாள் வந்ததும், தலைமையாசிரியை மகேஸ்வரி அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். 'திருமதி' என்று போட்டு அதற்குப் பக்கத்தில் தன் பெயர் இருந்ததை ராமலெட்சுமி இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பயிற்சி நாளன்று, மகள் கல்யாணத்தில் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கூடத்தில் ஆளுக்கு ஒரு பை, ஒரு நோட்டு, ஒரு பேனா கொடுத்தார்கள். வடையும் டீயும் வந்தன. எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது நாற்காலி. பதினோரு வருடமாகப் பள்ளிக்கூடத்து நாற்காலிகளைத் துடைத்திருக்கிறார், உட்கார்ந்ததில்லை. இங்கே உட்காருங்கள் என்று ஒருவர் நாற்காலியை இழுத்தே போட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. கருத்தாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. மேசையில் இரண்டு வகைத் தாள்கள் இருந்தன. ஒன்று, கழிப்பறை கழுவும் பொருட்களை எப்படிக் கையாளுவது என்பது. இன்னொன்று, சத்துணவு அரிசியையும் பருப்பையும் எப்படி அடுக்கி வைப்பது என்பது. ஆளுக்கு ஒரு பத்தி எழுந்து வாசிக்கச் சொன்னார். மூன்று பேர் வாசித்தார்கள். நான்காவதாக விரல் ராமலெட்சுமியிடம் வந்து நின்றது.

"கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன் சார்."

"அதனால என்னம்மா, இந்தாங்க" என்று கருத்தாளர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

ராமலெட்சுமிக்குக் கண்ணாடியே கிடையாது. அவருக்குத் தெரிந்த எழுத்துகள் தன் பெயரில் உள்ளவை மட்டும். அவையும் வரிசையாக வந்தால்தான் தெரியும். இதைச் சொல்லாமல் சமாளிக்க அவரிடம் இருந்தது கண்ணாடிச் சாக்கு ஒன்றுதான். அதையும் அந்த மனிதர் அன்பாகப் பிடுங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டதும் கூடமே தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடியது. ஆனால் முன்னால் வாசித்த மூவரும் ஆசிட், பினாயில் பற்றித்தான் வாசித்திருந்தார்கள். அது அவருக்குத் தெரிந்த விஷயம். தாளைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.

"ஆசிட்டயும் ப்ளீச்சிங் பவுடரயும் ஒண்ணாக் கலக்கக்கூடாது. கலந்தா ஒரு புகை கெளம்பும். கண்ணு எரியும், நெஞ்சு அடைக்கும். உடனே எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வெளிய வந்துரணும். தண்ணிய ஊத்திச் சரி பண்ணிரலாம்னு அங்கனயே நின்னோம்னா, மூச்சு நின்னுரும். வெளிய வந்து காத்து வார பக்கமா..."

கருத்தாளர் எட்டிப் பார்த்தார். ராமலெட்சுமி கையில் கொடுக்கப்பட்டிருந்தது இரண்டாவது தாள்.

"அம்மா, இது அரிசி மூட்டை அடுக்குற தாளும்மா. அரிசியில எதுக்கு ஆசிட்ட ஊத்துறீங்க?"

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்து, என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தாமதமாகச் சிரித்தார்கள். ராமலெட்சுமி கண்ணாடியைக் கழற்றி, இரண்டு காலையும் மடக்கி, மேசைமேல் பதனமாக வைத்தார். போய் உட்கார்ந்தார்.

முதல் வரைவில் அவரை அழ வைத்திருந்தேன். அவர் அழவில்லை. சிரித்தார். ஏன் என்று பிற்பாடு கேட்டபோது, "எல்லாரும் சிரிக்கயில நாம மட்டும் உம்முனு இருந்தா, நம்மளப் பாத்துத்தான் சிரிக்காகன்னு ஆயிருமே சார்" என்றார்.

3

அந்தப் பத்தியை அவர் எங்கே கற்றார் என்பதை இங்கே வைக்க வேண்டும். கூடத்தில் எனக்குத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆண்டு விழாவுக்கு முந்தின நாள். கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றின இடத்திலேயே பவுடரையும் கொட்டிவிட்டார். கதவு சாத்தியிருந்தது. புகை கிளம்பியதும், வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே நின்றிருக்கிறார். முட்டி மடங்கியது. வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல், தரை ஈரத்தைக் கையால் தடவித் தடவி, சரிவு போகிற பக்கத்துக்கு எதிராக ஊர்ந்து வெளியே வந்தார். பள்ளியின் பின்சுவரில் சாய்ந்து ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, உள்ளே போய், மிச்சத்தைக் கழுவி முடித்தார். யாரிடமும் சொல்லவில்லை. வேலை தெரியாதவள் என்று நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

நாற்பது பேர் இருந்த கூடத்தில் அந்தப் பத்தியைப் பட்டு அறிந்தவர் அவர் ஒருவர். நான் அதை முந்தின நாள் படித்துக்கொண்டு வந்தவன்.

4

படிவம்.

பயிற்சி முடிந்ததும் கருத்தாளர் நிரப்பித் தரவேண்டியது. ஏழு கட்டங்கள். ஆறு கட்டங்களில் வழக்கமானதை எழுதினேன். ஏழாவது கட்டம்: 'கூடுதல் கவனம் தேவைப்படும் பணியாளர்கள்.'

மூன்றாவது வரைவு வரைக்கும் இந்த இடத்தில் இப்படி இருந்தது: "அவருடைய பாதுகாப்பை நினைத்து, கனத்த மனத்தோடு..."

மனம் கனக்கவில்லை. நன்றாக இருந்தது. கூடத்தைச் சிரிக்க வைத்த தெம்பில் இருந்தேன். கட்டத்தை வெறுமனே விட்டால் வகுப்பில் யாரையும் கவனிக்கவில்லை என்று மேலே நினைப்பார்களே என்றுதான் எழுதினேன். நாற்பது பேரில் ஒருவர் பெயர்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. எழுதினேன்:

'திருமதி ராமலெட்சுமி. எழுத்தறிவு இல்லை. ரசாயனப் பொருட்களை இவர் கையாளுவது பாதுகாப்பானதல்ல.'

அழகான கையெழுத்து எனக்கு. எல்லோரும் சொல்வார்கள்.

5

டிசம்பரில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் சின்னச்சாமியைப் பார்த்தேன். அதே பள்ளியின் காவலாளி. பயிற்சிக்கும் வந்திருந்தவர்.

"அரிசியில ஆசிட் ஊத்துன அக்காவ ஞாபகம் இருக்கா சார்? அந்தக்காவ நிப்பாட்டிட்டாக."

"ஏன்?"

"மேலருந்து ஏதோ தாள் வந்துச்சாம்."

அடுத்த வாரம் பள்ளிக்குப் போனேன். மகேஸ்வரி என்னை உட்கார வைத்து, கோப்பை எடுத்து, என் கையெழுத்தின் நகலையே எனக்குக் காட்டினார். கெட்டவர் இல்லை அவர். கதைக்கு வசதியாக அவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன், வரவில்லை.

"எழுத்துல வந்துருச்சு சார். இதுக்கப்புறமும் நான் வச்சிருந்து, நாளைக்கு ஒரு பிள்ளைக்கோ அந்தம்மாவுக்கோ ஏதாச்சும் ஆச்சுன்னா, தெரிஞ்சே ஏன் வச்சிருந்தேன்னு என்னையத்தான கேப்பாங்க? பதினோரு வருசம் சார். ஒருநாள் கூட நான் அவங்களக் கூப்பிட்டு வேலை சொன்னதில்ல. நிப்பாட்டின அன்னைக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல."

அப்போது சொல்லியிருக்கலாம், எழுதியது நான்தான், தப்பாக எழுதிவிட்டேன் என்று. படிவத்தின் கீழே என் கையொப்பம் இருந்தது. அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன்.

6

ராமலெட்சுமியைக் கரிமூட்டத்தில் பார்த்தேன். சீமைக்கருவேல் கட்டைகளை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்காகப் புகைய விட்டுக் கரியாக்குகிற இடம். தங்கப்பாண்டிக்கு முன்பிருந்தே அங்கேதான் வேலை. இப்போது ராமலெட்சுமியும் பக்கத்தில் உட்கார்ந்து கரியைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். வாயில் துண்டைக் கட்டியிருந்தார். பேசும்போது துண்டை இறக்குவார், இருமுவார், ஏற்றுவார்.

"வாங்க சார். கண்ணாடி குடுத்த சாருதான?"

தங்கப்பாண்டி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கலர் வாங்கி வந்தார். கரி படாமல் இருக்க ஒரு சாக்கை உதறி, திருப்பிப் போட்டு, என்னை உட்காரச் சொன்னார்கள். பாதிக் கலர் குடித்த பிறகு சொன்னேன்.

"அந்த ஃபாரத்துல உங்க பேர எழுதுனது நான்தாம்மா."

அவர் கை நின்றது.

"என்னன்னு எழுதுனீக?"

சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"மொதல்ல சொன்னது சரி சார். எனக்கு எழுத்துத் தெரியாது. ரெண்டாவது எப்படி சார் எழுதுனீக? அன்னைக்கு நான் சொன்னதுல என்ன தப்பு?"

"ஒண்ணும் தப்பில்லம்மா. நீங்க சொன்னதுதான் சரி."

"அப்ப அத எழுதுங்க."

நான் மிச்சக் கலரைக் குடித்தேன்.

"நீங்க எழுதுனா நடக்குதுல்ல சார். வேலைய விட்டு நிப்பாட்டுற அளவுக்கு நடக்குது. இதையும் எழுதுங்க."

எழுத்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்று ஏதோ ஆரம்பித்தேன். தங்கப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். ராமலெட்சுமிக்குத்தான் முதல்முறையாகக் குரல் ஏறியது.

"அ, ஆ சொல்லித் தாரேன்னு மட்டும் சொல்லிராதீக. அது வேற. அத நான் எப்பவாச்சும் படிச்சுக்கிருவேன், படிக்காமயும் போவேன். நான் கேக்குறது வேலைய."

"பாக்குறேம்மா" என்றேன்.

இந்த வார்த்தையை நான் எழுதிய எந்தப் பாத்திரமும் இவ்வளவு இயல்பாகச் சொன்னதில்லை.

7

இங்கே முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், மனு போகிறது, விசாரணை வருகிறது, ராமலெட்சுமி திரும்ப வேலைக்குப் போகிறார், அடுத்த பயிற்சியில் அவரே மேடையேறி, ஆசிட் பற்றி... எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. என்னை நினைத்துக் கலங்கியது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில், அவர் படிக்கக் கற்று இந்தக் கதையை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். அதைத்தான் அவர் சொல்லிராதீக என்று சொல்லியிருந்தார்.

மூன்றாவதில் ஒன்றும் நடக்கவில்லை. அது இதுவரை உண்மை.

(ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை உலகத்தில் யார் வாசித்தாலும் ராமலெட்சுமி வாசிக்க மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன்.)

அவர் கேட்டது ஒரு பக்கக் கடிதம். 'இன்ன தேதியில் நான் எழுதிய குறிப்பு தவறானது; வகுப்பிலேயே மிகச் சரியான பதிலைச் சொன்னவர் இவர்தான்' என்று எழுதி, கீழே பெயர் போட்டு, மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அரைமணி நேர வேலை. அனுப்பினால், ஏன் அப்படி எழுதினாய் என்று என்னைக் கேட்பார்கள். அடுத்த பயிற்சிக்குக் கருத்தாளர் பட்டியலில் என் பெயர் இருக்காது. அவ்வளவுதான் எனக்கு நஷ்டம். அதற்கே நாலு மாதமாகக் கை வரவில்லை. அந்த நாலு மாதத்தில் இந்தக் கதையை ஆறு முறை திருத்தியிருக்கிறேன்.

நேற்றுத் தாள் எடுத்து உட்கார்ந்தேன்.

"அனுப்புநர்:

பெறுநர்:

ஐயா, கடந்த ஜூலை மாதம் நடந்த பயிற்சியில் கருத்தாளராக இருந்த நான்..."

நின்றுவிட்டது. இதற்கு மேல் எழுதியிருந்தால் இந்தக் கதைக்கு முடிவு வந்திருக்கும். அதனால் மனுவின் அடுத்த வரியை இங்கே எழுதமாட்டேன். இங்கே எழுதிவிட்டால், எழுதியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மிச்சம் உங்களிடம். என்னை எங்கேயாவது பார்த்தால், பஸ் ஸ்டாண்டிலோ கூட்டத்திலோ, கதை நன்றாயிருந்தது என்று சொல்லாதீர்கள். மனு போட்டாயா என்று கேளுங்கள். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகக் கேளுங்கள்.