துண்டில் படாத நிறம்

காசநோயில் செத்துப்போன கொழுந்தன் அய்யப்பனை எரித்துவிட்டு ஆண்கள் கச்சிராயபாளையத்து வீட்டுக்குத் திரும்பினார்கள். தேவிப்ரியாவின் புருஷன் சின்னராசு வாசலிலேயே உட்கார்ந்து தம்பியை நினைத்து விசும்பினான். அவன் முகம் துடைத்த வெள்ளைத் துண்டை வாங்கி அவளும் கண்ணைத் துடைத்தாள். துண்டில் ஆரஞ்சுக் கறை படிந்தது.

அவள் பதறவில்லை. புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே எச்.ஐ.வி. இருந்ததால், காசநோய் வராமல் தடுக்க வாரம் ஒரு நாள் போடும் மாத்திரையை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும்கூட இந்த நிறமாகும் என்று நர்ஸ் அப்போதே சொல்லியிருந்தாள். நேற்றுதான் அவள் போட்டாள். தானும் போட்டுவிட்டதாகச் சின்னராசு சொல்லியிருந்தான்.

துண்டைத் திருப்பிப் பார்த்தாள். அவன் துடைத்த இடம் சொதசொதவென்று நனைந்திருந்தது. நிறம் மட்டும் இல்லை.

“இன்னாய்யா, மாத்திரை போடலியா?”

அவன் தலை நிமிரவில்லை. “நல்லாத்தான இருக்கறேன். எனக்கு எதுக்கு அது?”

“உன் தம்பியும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்துச்சு.”

உள்ளே போனவள் மாத்திரையும் தண்ணீர்ச் சொம்புமாக வந்து அவன் முன்னால் நின்றாள்.

“மொதல்ல இத முழுங்கு. அப்பறமா அழு.”