சர்வீஸுக்கு வந்த மெஷின்

போனில் பேசும்போதே அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. "வணக்கம் மேடம், மதுரையில இருந்து துரைப்பாண்டி பேசுறேன். ஆசிர் ஞானதுரை இருக்காரா?" என்றார். என் வீட்டுக்காரரை ஊரில் ஆசிர் என்றால் தெரியும், இன்வெர்ட்டர் கடை ஆசிர் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். முழுப் பெயரும் சொல்லுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, சபையில் ஞானஸ்நானப் பதிவைப் புரட்டுகிறவர். இன்னொன்று, வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போகிறவர்.

நான் வக்கீல் பிரபுதாஸ் சார் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். அண்ணன் தம்பி ஏமாற்றுவதும் மாமன் மச்சான் வழக்குப் போடுவதும்தான் எனக்கு அன்றாடம். அதனால் ஒருவர் மரியாதையாகப் பேசினாலே, இதில் என்ன உள்குத்து என்றுதான் என் மனம் போகும். என் மாமியார் இதை வியாதி என்பார். நான் முன்ஜாக்கிரதை என்பேன்.

வந்த வினை அந்த மெஷினால்தான். பின்பால் என்று ஒரு விளையாட்டு. சாய்வான பலகையில் இரும்புக் குண்டு உருண்டு வரும். அது கீழே போய்விடாமல் இரண்டு பக்கமும் பொத்தானை அமுக்கி, துடுப்பு மாதிரி இருக்கிற கட்டைகளால் மேலே தட்டிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் நிஜ மெஷினைத் தொட்டதுகூடக் கிடையாது. யூடியூபில் பார்த்துப் பார்த்தே, கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் சொந்தமாக ஒன்று செய்துவிட்டார். ப்ளைவுட், விசைத்தறி ஸ்பிரிங், பழைய வாஷிங் மெஷின் காயில், பேரிங் குண்டு. அதை ஓட்டுகிற புரோகிராமையும் தானே படித்து, தானே லேப்டாப்பில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் மனிதர் அந்த அறையைவிட்டு வெளியே வரமாட்டார். புருஷன் குடிக்கப் போகாமல் ப்ளைவுட் அறுக்கிறாரே என்று நானும் விட்டுவிட்டேன்.

அவருக்குப் பிடித்த நடிகர் லாரி டிரைவராக வந்த படம் ஒன்று உண்டு. மெஷினில் குண்டுதான் லாரி. பலகை முழுக்க மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு, செக்போஸ்ட், மரப்பாலம். பாலம் ஏறினால் படத்தின் பின்னணி இசை வரும். குண்டு கீழே போனால், "வண்டிதான்டா நின்னுச்சு, நான் நிக்கல" என்று நடிகரின் குரலே பேசும். பின்னால் நிற்கிற விளக்குப் பெட்டியில் நடிகரின் முகம், ஃபிளெக்ஸில். ஃபிளெக்ஸ் என்று வந்துவிட்டால் நம் ஊரில் சும்மா விடுவார்களா? அடித்துக் கொடுத்த கடைக்காரர், கேட்காமலேயே கீழே ஒரு வட்டத்துக்குள் என் வீட்டுக்காரர் படத்தை வைத்து, முழுப் பெயரையும் போன் நம்பரையும் போட்டுவிட்டார். நடிகர் முகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஆட்டோ முதுகில், சலூன் கண்ணாடியில், கல்யாண பேனரில் எல்லாம் அதே முகம்தான் சிரிக்கிறது. யார் யாரிடம் கேட்டார்கள்?

பெங்களூரில் இப்படிக் கையால் மெஷின் செய்கிறவர்கள் கூடுகிற கண்காட்சி ஒன்று இருக்கிறதாம். அதில் கொண்டுபோய் வைக்க வேண்டும், சங்கரன்கோவிலில் ஒருத்தன் செய்தது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். அதற்கு முன்னோட்டமாகச் சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்று, சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். குருவானவரே அங்கியோடு நின்று ஆடினார். யாரோ வீடியோ எடுத்துப் போட, அது ரசிகர் குரூப்புகளில் சுற்றியது. அந்த வாரமே துரைப்பாண்டியின் போன் வந்தது. மாலில் விளையாட்டு மெஷின்கள் நடத்துகிறாராம், நேரில் வந்து பார்க்க வேண்டுமாம்.

"விலைக்குக் கேக்க வாரான் போல" என்றார் என் வீட்டுக்காரர், வாயெல்லாம் பல்லாக.

"படக்கம்பெனி ஆளுங்க. விக்கேன்னு உங்க வாயால சொல்ல வச்சுப் பிடிக்கப் பாக்கான்."

"ஏட்டி, உனக்கு எல்லாரும் கள்ளன்தான்."

நான் ஆபீஸில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். பிரபுதாஸ் சார் கோப்பிலிருந்து தலை நிமிராமல் சொன்னார். "முகம் ஒருத்தருக்குச் சொந்தம், வசனமும் மியூசிக்கும் இன்னொருத்தருக்குச் சொந்தம். ரசிகன்னு சொன்னா சட்டம் விட்டுருமா? வீட்டுக்குள்ள வச்சு ஆடுத வரைக்கும் ஒருத்தனும் தேடி வரமாட்டான். விக்கப் போனா வருவான். யாரும்மா இது?"

"பக்கத்து வீட்டுல சார்" என்றேன்.

எங்கள் ஆபீஸில் எந்த வழக்குக்கும் பதில் ஒரே மாதிரிதான் தொடங்கும். வாதி சொல்லியுள்ள சங்கதிகள் யாவற்றையும் இந்தப் பிரதிவாதி மறுக்கிறார். உண்மையோ பொய்யோ, முதலில் ஒட்டுமொத்தமாக மறுத்துவிட வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அடித்து அடித்து அந்த வரி என் கைக்கே மனப்பாடம். துரைப்பாண்டி வருகிற அன்று காலையில் ஃபிளெக்ஸைக் கிழித்து எடுத்தேன். "நீங்க வாயே தொறக்கக் கூடாது, நான் பேசிக்கிடுதேன்" என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

வந்தவருக்குத் தேய்த்த சட்டை, சென்ட் வாசனை. நடிகர் படம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கவும் இல்லை. பலகையைத் தூக்கச் சொல்லி, அடியில் போகிற வயர், காயில், சின்ன சர்க்யூட் போர்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தார். சாட்சி சேர்க்கிறான் என்று எனக்குள் மணி அடித்தது.

"புரோகிராம் யாருண்ணே எழுதுனது? நீங்களா?"

என் வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இது எங்களுது இல்ல சார். சர்வீஸுக்கு வந்தது."

"யாரு குடுத்தது?"

"புளியங்குடியில எலுமிச்சங்கா யாவாரி ஒருத்தர். போனும் எடுக்க மாட்டுக்கார், ஆளும் வர மாட்டுக்கார்."

"வீடியோவுல அண்ணன் போட்டோ, நம்பரெல்லாம் இருந்துச்சே மேடம்?"

"அது கடை விளம்பரம்."

துரைப்பாண்டி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சிரித்தார். மாட்டிக்கொண்டு முழிக்கிறான் என்று நினைத்தேன். "அப்ப கேக்க ஆள் இல்லைன்னா நான் எடுத்துக்கிறவா? சும்மா வேணாம், இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடந்ததுக்கு ஏதாவது தர்றேன்" என்றார்.

இதுதான் பொறி என்று எனக்குப் புரிந்துபோனது. காசு வாங்கினால் விற்பனை. விற்பனை என்றால் வழக்கு. "காசெல்லாம் வேண்டாம் சார், எடுத்துட்டுப் போங்க" என்றேன். தொல்லை விட்டது, வழக்குக்கு வேண்டிய பொருளையும் அவனே தூக்கிக்கொண்டு போகிறான், நம் பெயர் எதிலும் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"நாளைக்கு ஒரு பிரச்சினை வரக்கூடாதில்ல? ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று போன் கேமராவை என் முன்னால் நீட்டினார். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு, கோர்ட்டில் சொல்லுகிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அப்புறம் போன் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. அவர் மெஷினைப் பார்த்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன். "எங்களுது இல்ல" என்றார்.

குட்டி யானை வண்டி வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனதும் மிச்சத்தையும் முடித்தேன். லேப்டாப்பில் இருந்த புரோகிராமை அழிக்கச் சொன்னேன், அழித்தார். போனில் இருந்த வீடியோக்களை நானே அழித்தேன். படம் போட்டுப் பார்த்த தாள்களை வெந்நீர் அடுப்பில் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் பெங்களூரைப் பற்றிப் பேசவில்லை.

நோட்டீஸ் வரவே இல்லை. வராதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. தபால்காரர் வீட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் வாசலிலேயே நிற்பேன்.

சில மாதம் கழித்து, திருநெல்வேலியில் இருக்கிற என் தங்கை டெபோரா ஒரு வீடியோ அனுப்பினாள். மாலில் எடுத்தது. 'அத்தான் செஞ்சது மாதிரியே இருக்கு பாரு' என்று எழுதியிருந்தாள். நடிகர் இல்லை, லாரி இல்லை. ராக்கெட், நட்சத்திரம், இங்கிலீஷில் ஒரு பெயர். வளைவும் பாலமும் அதே இடத்தில் இருந்தன.

என் வீட்டுக்காரர் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார். "மூணாவது வளைவுல குண்டு சிக்கும்னு ஒரு ஆணி அடிச்சேன்லா? அந்த ஆணியையும் சேத்துல்ல செஞ்சிருக்கான். பளபளன்னு முலாம் பூசி" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

துரைப்பாண்டிக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் சத்தமே போடவில்லை. "நீங்கதான மேடம் உங்களுது இல்லைன்னீங்க?" என்று கேட்டு, போனை வைத்துவிட்டு, அன்று எங்களை எடுத்த வீடியோவை அனுப்பிவைத்தார். அதில் நான் எவ்வளவு தெளிவாகப் பேசியிருந்தேன்! ஒரு தடுமாற்றம் இல்லை.

ஆளைச் சந்தேகப்பட்டது சரிதான், இப்போதும் சொல்லுவேன். எதற்கு வந்தான் என்பதில்தான் கோட்டை விட்டேன். படக்கம்பெனி ஆளாக இருந்தால் முதலில் நடிகரின் முகத்தையல்லவா தேடியிருப்பான்? இவனுக்கு வேண்டியது அந்த முகத்தைத் தவிர மற்ற எல்லாம்.

பிரபுதாஸ் சாரிடம் இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன்.

"ஏம்மா, புரோகிராம் எழுதுனவனுக்குத்தான் சொந்தம். பதிவு பண்ணியிருக்கணும்னுகூட இல்ல. ஆனா எழுதுனது நான்தான்னு காட்டணும்லா? கையில என்ன இருக்கு?"

"எல்லாம் அழிச்சாச்சு சார்."

"அசனத்துல எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சுன்னியே, அது?"

"அதுல நடிகர் முகம், குரல் எல்லாம் இருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நம்ம பொருளுன்னு காட்ட அதத்தான் கோர்ட்டுல வைக்கணும். வச்சா, அடுத்தவன் பொருளை நாம எடுத்ததும் அதுலயே இருக்கு. அதையும் தாண்டிப் போனா நீங்க ரெண்டு பேரும் பேசுன வீடியோவை அவன் போடுவான்." கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "பக்கத்து வீடுன்னுல்லா எங்கிட்ட சொன்ன? அன்னைக்கே உள்ளதச் சொல்லியிருந்தா, படத்தையும் பாட்டையும் கழட்டிப் போட்டுட்டு மெஷினை வச்சுக்கோன்னு சொல்லியிருப்பேனே."

என் வீட்டுக்காரர் ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் எனக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். மனிதர் திட்டவில்லை. "ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கணும் எஸ்லின்" என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை இருவரும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம்.

மாலில் ஒரே இரைச்சல். அவர் மெஷின் முன்னால் போய் நின்று, பொத்தான்களில் விரலை வைத்தார். குண்டு எங்கே போகும், எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரியாததா? வளைவு, பாலம், வளைவு என்று ஏறிக்கொண்டே இருந்தது, கீழே வரவே இல்லை. பக்கத்து மெஷின்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் கைதட்டினார். என் வீட்டுக்காரர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் திரை மின்னியது. இதுவரை யாரும் எடுக்காத புள்ளி, பெயரைப் பதியவும் என்று கேட்டது. அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எஸ்லின், யாரு பேரைப் போட?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார்.

"உங்க பேரைப் போடுங்க!" என்று கத்தினேன். அது போதவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "இது எங்க வீட்டுக்காரர் செஞ்ச மெஷின்! எல்லாரும் கேட்டுக்கோங்க. ஒவ்வொரு வளைவும் இவரு கையால அறுத்துச் செஞ்சது. ஆசிர் ஞானதுரை, சங்கரன்கோவில்! எங்களுது இது, எங்களுது!"

கைதட்டியவர் சங்கடமாகச் சிரித்துவிட்டு நகர்ந்தார். ஒரு அம்மா தன் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காவலாளி எங்களை நோக்கி நடந்து வந்தார். அங்கே நின்ற எல்லோர் கையிலும் போன் இருந்தது. யாராவது இதை வீடியோ எடுக்கிறார்களா என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவரும் எடுக்கவில்லை.