அழுதால் எரியும் விளக்கு

காய்ச்சலில் காது போனதும், உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டாள் அக்கா. பிள்ளை பிறந்த பிறகுதான் சிக்கல். தையல் மெஷினில் உட்கார்ந்தால், உள்ளறையில் அவன் தொண்டை வற்ற அழுதாலும் தெரியாது. அதனால் ஒரு காலரை முழுதாகத் தைப்பதற்குள் நாலு தரம் எழுந்து ஓடுவாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் தங்கைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தொட்டிலருகே ஒரு மைக், அதோடு ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு, எல்லா அறையிலும் எல்இடி பட்டை என்று, பிள்ளை அழுதால் விளக்கு எரியும்படி செய்ய வேலையை ஆரம்பித்தாள்.

போர்டுக்கு ஓரிரு எல்இடிகளை எரிக்கத்தான் தெம்பு. பட்டைகளை எரிக்க நடுவில் டிரான்சிஸ்டர் வேண்டும். போர்டு கண் காட்டினால் பெரிய மின்சாரத்தை அது திறந்துவிடும். டப்பாவில் கிடந்த பொடி டிரான்சிஸ்டர் ஒன்றை மாட்டினாள். பட்டைகள் பளிச்சென்று எரிந்தன. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை.

அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள். "என்னடி கருகுது?"

தங்கை உதடு தெரியும்படி திரும்பினாள். "இவ்வளவு பாரத்தை இது தாங்கலக்கா."

"காதுதான் போச்சு. மூக்கு நல்லாத்தான் இருக்கு, எதுவும் மறைக்க முடியாது."

அடுத்து, பெரிய பாரம் தாங்கும் மாஸ்ஃபெட் என்ற வேறு ரக டிரான்சிஸ்டர் ஒன்றைத் தங்கை வாங்கி வந்தாள். இப்போது விளக்கு மங்கலாக அழுது வடிந்தது, மாஸ்ஃபெட்டைத் தொட்டால் சுட்டது. அதன் விவரத்தாளைப் படித்த பிறகுதான் புரிந்தது. அது முழுதாகத் திறக்கப் பத்து வோல்ட் வேண்டும், போர்டு தருவதோ மூன்று சொச்சம். ஒருக்களித்த கதவில் கூட்டம் நெரிவதுபோல மின்சாரம் நெரிந்தது. அந்த மூன்றுக்கே முழுதாகத் திறக்கும் ரகத்தைத் தேடிப்பிடித்து, அறைக்கு ஒன்றாக மாட்டினாள். தொட்டுப் பார்த்தாள், சூடே இல்லை.

அன்று மாலை அக்கா தைத்துக்கொண்டிருக்கையில் சுவரெல்லாம் வெளிச்சம். எழுந்து ஓடினாள். பிள்ளைதான் அழுதுகொண்டிருந்தான். அவனை வாரி எடுத்தவள் தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துத் தங்கை வந்தபோது விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. தொட்டிலில் பிள்ளை 'ஆ' என்று கத்துவான், விளக்கைப் பார்த்துச் சிரிப்பான், மறுபடி கத்துவான்.

"சும்மா சும்மா கத்துறான்க்கா. அழுதா மட்டும் எரியற மாதிரி மாத்திடவா?"

"வேணாம்டி," என்றாள் அக்கா, மெஷினை விட்டு எழுந்தபடி. "அம்மாவை எப்படிக் கூப்பிடணும்னு கத்துக்கிட்டான். கூப்பிடட்டும்."