டிஜோவுக்கு ஒன்றும் ஆகவில்லை

தேங்காய் வியாபாரம் பேசப் பெங்களூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன சிவப்பிரகாஷ், காலை பஸ்ஸில் கேரள எல்லையோரக் கோவிந்தாபுரத்தில் வந்து இறங்கினான். மனைவி கிருத்திகா எடுத்து வைத்த இட்லியை அவன் தொடவில்லை. சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பைகளையெல்லாம் கொட்டிப் பார்த்தார்கள் என்று சொல்லிச் சிரித்தான். போர்வெல் வற்றித் தோப்பு காயத் தொடங்கியபின் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டான். ஃபேனுக்கு அடியிலும் சட்டை நனைந்து ஒட்டியது. கண்மணிகள் அகலமாக விரிந்திருந்தன. தொட்டால் உடம்பு கொதித்தது.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"வேண்டாங் கிருத்தி. தன்னால வெளிய போயிரும்."

"என்ன வெளிய போயிரும்?"

அவள் விடாமல் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான். பெங்களூரில் ஓர் அறையில் உட்கார்ந்து, எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருள் அடைத்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக விழுங்கியிருக்கிறான். இங்கே கொண்டுவந்து கொடுத்தால் கிடைக்கும் பணத்தில் தோப்பைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தானாம்.

அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காரில் ஏற்றி அவளே ஓட்டினாள். வழியெல்லாம் அவன் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

"டாக்டர்கிட்டச் சொல்லிப்போடாத. சாப்பாடு ஒத்துக்கலைன்னு சொல்லு. இல்லீன்னா போலீஸ் வந்துரும்."

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜிஷா, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். "ஓட்டல் பிரியாணிங்க," என்றாள் கிருத்திகா. டாக்டர் மருந்து எழுத ஆரம்பித்தார். பக்கத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி ஓயாமல் கத்தியது. அதை நிமிர்ந்து பார்த்தவர் பேனாவை மூடினார்.

"பிரியாணி தின்னா ஹார்ட் இப்படி ஓடாது. நான் போலீஸ் இல்ல. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம மருந்து குடுத்தா, நானே இவர கொன்ன மாதிரி ஆயிடும்."

சிவப்பிரகாஷின் விரல்கள் மனைவியின் மணிக்கட்டை இறுக்கின. அந்தப் பிடியில் நின்றுகொண்டே அவள் சொன்னாள்.

"பொட்டலம் முழுங்கியிருக்காருங்க. எம்.டி.எம்.ஏ.ங்க."

பிடி தளர்ந்தது.

ஸ்கேனில் குடல் நெடுக நீள்வட்ட நிழல்கள் தெரிந்தன. ஒன்று பிரிந்து கசிந்துகொண்டிருந்தது. மற்றவை ஒன்றையொன்று முட்டி அடைத்து நின்றன. உடனே வயிற்றைத் திறந்து எடுக்காவிட்டால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். பிறகு அவன் முகத்தருகே குனிந்தார்.

"கூட வேற யாராவது முழுங்கினாங்களா?"

மனைவியின் பார்வையைத் தவிர்த்தபடி இல்லை என்று தலையசைத்தான்.

"சொல்லுங்க," என்றாள் கிருத்திகா. "அந்த ஆளும் இப்ப எங்கியோ இப்படித்தான் கெடப்பானுங்க. அவனக் கூட்டிட்டு வர ஆளிருக்குதோ என்னமோ."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தொடங்கியபோதுதான் சொன்னான்: "டிஜோ. கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, லாட்ஜுல."

அவன் பிழைத்தான். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். நான்கு நாள் கழித்து நினைவு தெளிந்தபோது வார்டு வாசலில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். சிவப்பிரகாஷ் முதலில் கேட்டது டிஜோவைப் பற்றித்தான்.

டிஜோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸ் போனபோது அவன் படுத்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தானாம். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து எல்லாப் பொட்டலங்களையும் அறுவை சிகிச்சை இல்லாமலே வெளியேற்றி, ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். 'அவன் பொண்டாட்டி வாய மூடிட்டு இருந்திருந்தா ரெண்டு பேரும் தப்பிச்சிருப்போம்,' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறானாம்.

அதைக் கேட்டதிலிருந்து சிவப்பிரகாஷ் கிருத்திகாவிடம் பேசவில்லை. ஒரே அறை, ஒரே கை கட்டிய பொட்டலம். தன் வயிற்றில் மட்டும் ஏன் பிரிந்தது? டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது கேட்டான்.

"அது யாருக்கும் தெரியாது," என்றார் ஜிஷா. "டிஜோ வயித்துல பிரிஞ்சிருந்தா அந்த லாட்ஜ் ரூம்லயே செத்திருப்பார்."

உடம்பு தேறியதும் ரிமாண்டில் ஜெயிலுக்கு அனுப்பப்பட்ட சிவப்பிரகாஷைப் பார்க்கக் கிருத்திகா போனாள். கம்பிக்கு அந்தப்பக்கம் அவன் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டிஜோ இங்கதான் இருக்கறான். இன்னும் உன்னயத் திட்டறான்."

"திட்டட்டுமுங்க. நீங்களும் திட்டோணும்னா திட்டுங்க."

அவன் தலையை நிமிர்த்தினான். அவன் கை வயிற்றின்மேல் இருந்ததை அவள் பார்த்தாள்.

"தையல் எடத்துல இன்னும் வலி இருக்குதுங்களா?"

"இருக்குது," என்றான். "நீ அடுத்த வாரமும் வா."