பக்கிரியின் வண்டிக்கு வைத்த வேஸ்ட்கேட்

கீழ்வேளூர் வட்டாரத்தில் டர்போ வண்டியின் மேனிஃபோல்டை, அதாவது என்ஜினின் புகைக்குழாய்களை, வெட்டி ஒட்டத் தெரிந்தவள் செவ்வந்தி ஒருத்திதான். பாலிடெக்னிக் முடித்து, கோயம்புத்தூரில் ரேஸ் கார் பட்டறையில் எட்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தாள். அதனால்தான் பக்கிரி, அவள் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்தும் தன் சிவப்புக் காரை அவளிடம் கொண்டு வந்தான்.

பக்கிரி துரைராசின் தம்பி. துரைராசு, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கட்சியில் இருப்பவர். செவ்வந்தியின் அண்ணன் சாமிதுரையும் பங்காளி வீரையனும் குத்தகைக்கு உழுத ஒன்பது மா கோயில் நிலத்தை இறால் குளமாக்க ஒரு வருடமாக முயன்றுகொண்டிருந்தார். அந்த வருடம் மேட்டூர் அணை திறக்கவில்லை. ஆனாலும் அண்ணனும் வீரையனும் மழையை நம்பிப் புழுதியில் விதைத்துவிட்டார்கள்.

"பூஸ்ட் அழுத்தம் பதினெட்டு பவுண்டு, இருபதுன்னு ஏறிக்கிட்டே போவுது. ஒரு பிஸ்டன் போயிடிச்சு. புதுசு போட்டாச்சு, இதுவும் போயிடக் கூடாது" என்றான் பக்கிரி.

செவ்வந்தி குனிந்து பார்த்தாள். என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவுக்குப் போகிற புகை அளவுக்கு மிஞ்சும்போது அதைத் திருப்பி வெளியேற்றுவது வேஸ்ட்கேட் என்கிற வால்வு. யாரோ அதை ஒரே ஒரு குழாயின் பக்கவாட்டில், நெட்டுக்குத்தாக ஒட்டியிருந்தார்கள். வருகிற வேகத்தில் புகை அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே டர்போவுக்கே ஓடியது.

"நாலு குழாயும் சேர்ற எடத்துல, போற போக்குலயே சாய்ச்சு வைக்கணுங்க. ரெண்டு நாள் ஆவும்."

இரண்டாம் நாள் பக்கிரி காலையிலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். வெல்டிங் முடிந்து வால்வைப் பூட்டியாகிவிட்டது. ரப்பர் டியூப் மட்டும்தான் பாக்கி. டர்போ காற்றை அழுத்துகிற குளிர்ந்த பக்கத்திலிருந்து வால்வின் கீழ்த்துளைக்கு ஒரு டியூப் போக வேண்டும். மேல்துளை காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். அழுத்தம் பத்து பவுண்டைத் தொட்டதும் அந்த டியூப் வழியாக வரும் காற்றே வால்வைத் திறந்துவிடும்.

டியூபை அளந்து வெட்டும்போது அவளுக்கு போன் வந்தது. அண்ணி அம்சம்.

"உங்க அண்ணன் மண்டையப் பொளந்துட்டானுவ செவ்வந்தி. வெதச்ச வயல்ல பொக்லைன எறக்கிட்டானுவ. மம்முட்டிக் காம்பாலயே அடிச்சானுவ."

"உசுரு?"

"இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குறாரு. துணியக் கட்டிக்கிட்டு எல்லாரோடயும் ரோட்டுல உக்காந்திருக்காரு."

அவள் போனை வைத்தாள். பக்கிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாகுற மாதிரி அடிக்காதீங்கன்னுதான் சொல்லி அனுப்புனேன்" என்றான். "நீ வேலையப் பாரு."

மேசை மேல் பழைய பேரிங்கின் இரும்புக் குண்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்து டியூபுக்குள் அழுத்தினாள். கச்சிதமாக அடைத்துக்கொண்டது. இப்படியே மாட்டினால் வால்வு திறக்காது. வண்டி ஐந்து கிலோமீட்டர் தாண்டாது, பிஸ்டன் உருகிவிடும். அவன் தன் போனில் குனிந்திருந்தான், பார்க்கவில்லை. ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. அவள் கை பார்த்த வேலை ஒன்றுகூட அதுவரை திரும்பி வந்ததில்லை. குண்டைப் பிதுக்கி எறிந்துவிட்டு, டியூபைச் சூடு படாத பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய்ச் சரியாக மாட்டி, கிளாம்பை முடுக்கினாள்.

"ஏறு. மீட்டரப் பாத்துச் சொல்லு" என்றான்.

ஓட்டிப் பார்த்து முடித்துவிட்டால் அண்ணனிடம் ஓடலாம் என்று ஸ்பேனரோடு ஏறினாள். நாகப்பட்டினம் சாலையில் அவன் மிதித்தான். முள் எட்டு, ஒன்பது, பத்துக்கு ஏறியது. பத்திலேயே நின்றது. மறுபடி மிதித்தான், மறுபடி பத்து. பக்கிரி சிரித்தான். அப்போது அவன் போன் அடித்தது. பொக்லைன் வழியை மறித்து ரோட்டில் நாற்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள், எழுப்ப முடியவில்லை என்று யாரோ சொல்வது அவளுக்கும் கேட்டது.

வண்டி வாய்க்கால் கரைச் சாலைக்குத் திரும்பியது.

"என்னைய எறக்கி விட்டுட்டுப் போங்க."

"இருந்து பாரு. உன் வேலைய உன் ஆளுங்களும் பாக்கட்டும்."

தூரத்தில் கூட்டம் தெரிந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. பயமுறுத்திக் கலைக்கத்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள். ஜனங்கள் எழுந்து இரண்டு பக்கமும் சிதறினார்கள். வீரையனின் ஒரு கால் முன்பே சூம்பிப்போயிருந்தது. கையை ஊன்றி அவன் பாதி எழுந்தபோது வண்டி மோதியது. கண்ணாடி மேல் அவன் உடம்பு விழுந்து, கூரையில் உருண்டு, பின்னால் போய் விழுந்தது.

குண்டை உள்ளேயே விட்டிருந்தால் வண்டி நாகப்பட்டினம் சாலையிலேயே செத்திருக்கும். அந்த நினைப்பு அவளுக்குள் கத்தி மாதிரி இறங்கியது.

பக்கிரி வண்டியைத் திருப்பினான். சாமிதுரை தலைக்கட்டோடு வீரையன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தான். வண்டியின் மூக்கு அவனை நோக்கித் திரும்பியது.

செவ்வந்தி ஸ்பேனரால் பக்கிரியின் வாயில் அடித்தாள். பல் உடைந்தது. மறுபடி அடித்தாள். அவன் ஒரு கையால் அவள் கழுத்தைப் பிடித்தான். மூன்றாவது அடி அவன் கண்ணுக்கு மேல் விழுந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வண்டி சுற்றி, வறண்ட வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. வலது தோளருகே காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

சாமிதுரை அவளை ஜன்னல் வழியாக இழுத்துக் கரையில் கொண்டுபோய்ப் போட்டான். வண்டிக்கு அடியில் காய்ந்த கோரை புகையத் தொடங்கியிருந்தது. பக்கிரி ஸ்டீரிங்கில் சிக்கி முனகிக்கொண்டிருந்தான். கரை மேல் அரிவாளோடு நின்ற ஊர்க்காரர்கள் யாரும் இறங்கவில்லை.

"அவனையும் இழு" என்றாள் செவ்வந்தி.

"எரியட்டும்."

"அண்ணே, வீரையன் பொழைக்க மாட்டான். இவனும் செத்துட்டா வீரையன யாரு கொன்னது? வண்டி கவுந்து ரெண்டு பேரு செத்தாங்கன்னு போலீசு எழுதிட்டுப் போயிடும். இவன் கூண்டுல நிக்கணும்."

அண்ணன் அசையவில்லை. அவள் ஒற்றைக் கையோடு தவழ்ந்து போய்ப் பக்கிரியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அதற்குப் பிறகுதான் சாமிதுரை இறங்கி வந்தான். பக்கிரியை வெளியே போட்ட சற்று நேரத்தில் கோரையோடு சக்கரமும் பற்றியது. மேலே இருந்தவர்கள் மண்ணை வாரிப் போட்டு அணைத்தார்கள்.

வீரையன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தான்.

வழக்கு மூன்று வருடம் நடந்தது. வண்டி கட்டுக்கு மீறி ஓடியதற்குக் காரணம் செவ்வந்தி தப்பாக மாட்டிய வேஸ்ட்கேட்தான் என்று பக்கிரியின் வக்கீல் வாதாடினார். வண்டியைச் சோதித்த ஆய்வாளர் கூண்டில் ஏறி, வால்வு சரியான இடத்தில் இருந்தது, டியூப் அறுந்திருக்கவில்லை, அடைப்பில்லை, காற்றடித்துப் பார்த்தபோது பத்து பவுண்டில் திறந்தது என்றார். அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தான் பிதுக்கி எறிந்த குண்டுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து வெளியே போய்விட்டாள்.

பக்கிரிக்கு ஏழு வருடம். துரைராசின் பெயர் வழக்கில் எங்கும் வரவில்லை. குளம் வெட்டத் தடை உத்தரவு இருந்தது. அதுவும் தற்காலிகம்தான்.

தீர்ப்பு நாளில் வீரையனின் மனைவி நீலாம்பாள் கோர்ட்டுக்கு வரவில்லை. செவ்வந்தி நேரே வயலுக்குப் போனாள். பொக்லைன் தோண்டிய பள்ளம் ஒரு மா நிலத்தை விழுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி நீலாம்பாள் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருசம் போட்டிருக்காங்க."

நீலாம்பாள் நிமிரவில்லை. "ஏழா" என்றாள். கையிலிருந்த நாற்று முடிச்சைப் பிரித்து நாலு குத்து நட்டாள். "நாளையோட வாய்க்கால்ல விடுற மொறத் தண்ணி நின்னுடுமாம். இன்னம் ரெண்டு கட்டு நாத்து கெடக்கு."

எலும்பு முறிந்ததிலிருந்து செவ்வந்தியின் வலது தோள் முன்போல அசையாது. செருப்பை வரப்பில் விட்டுச் சேற்றில் இறங்கி, இடது கையால் நட ஆரம்பித்தாள்.